சைலன்சர் போல்ட் இறுக்கிறதெண்டா பலம் மட்டும் காணாது

காலையில காரை ஸ்டார்ட் பண்ணேக்க முன்பக்கத்தால டிக் டிக் எண்டு ஒரு சத்தம் வரும், ரெண்டு மூண்டு நிமிஷத்தில குறைஞ்சு போயிடும். நிறையப் பேர் அதை டெப்பெட் (என்ஜின் வால்வைத் தள்ளித் திறக்கிற பகுதி) சத்தம் எண்டு நினைச்சு விட்டுடுவினம். ஆனா எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட்டில, அதாவது என்ஜினில இருந்து புகையைச் சேர்த்து வெளிய விடுற முதல் பைப்பில, லீக் இருந்தாலும் இதே சத்தம்தான் வரும். ஆறியிருக்கேக்க இடைவெளி கொஞ்சம் திறந்திருக்கும், சூடாகி இரும்பு விரிஞ்ச உடன அது மூடும், சத்தமும் நிண்டுடும், நாங்களும் சரியாப் போச்சு எண்டு ஓடிக்கொண்டிருப்பம்.

எங்கட வீடு வெள்ளவத்தையில, கடலுக்குக் கிட்ட. உப்புக்காத்துக்கு இங்க எந்தக் காருக்குக் கீழயும் இரும்பு தப்பாது, மூண்டு நாலு வருஷத்தில சைலன்சர் போல்ட் எல்லாம் கறள் பிடிச்சு மண்கட்டி மாதிரி ஆகிடும். என்ட கொரொல்லா 121க்கு முன் பைப் சேருற இடத்தில ஒரு லீக் வந்து ஒரு கராஜுக்குக் குடுத்தன். ஸ்பிரிங் போட்ட போல்ட் ரெண்டும் கறள் எண்டு சொல்லிக் கழட்டி எறிஞ்சிட்டு, அந்த இடத்தில சாதாரண போல்ட் ரெண்டைப் போட்டு, நீட்டுக் கம்பி மாட்டி முழுப் பலத்தோட இறுக்கி விட்டினம். சத்தம் நிண்டது, நானும் சந்தோஷமா வந்திட்டன். நாலு மாசம் போகேல்ல, பைப் வெல்டிங் பண்ணின இடத்தோட வெடிச்சிட்டு. அதை நான் கண்டுபிடிச்சது சத்தத்தாலயும் இல்ல, காலி வீதி ட்ரஃபிக்கில ஷட்டரை (கார்க் கண்ணாடியை) மூடி ஏசி போட்டுக்கொண்டு நிக்கேக்க மனுசி தலையிடிக்குது தலையிடிக்குது எண்டு மூண்டு நாளாச் சொன்னதாலதான். அதுக்குப் பிறகுதான் இந்த வேலையை ஒழுங்காப் படிச்சுக்கொள்ள வேணும் எண்டு முடிவெடுத்தன்.

அந்தத் தலையிடியைச் சும்மா எடுக்காதேங்கோ. எக்ஸோஸ்ட் புகையில கார்பன் மொனொக்சைட் இருக்கு, அதுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல. என்ஜின் பக்கத்தில லீக் எண்டா அது ஏசி காத்து இழுக்கிற வழியால உள்ள வரலாம், கீழ தரையில ஓட்டை இருந்தா அதாலயும் வரலாம். காருக்குள்ள இருக்கிற ஆக்களுக்குத் தலையிடி, தலைச்சுத்து, சத்தி வாற மாதிரி இருந்து வெளிய இறங்கினாச் சுகமாகுது எண்டா, உடன ஷட்டர் எல்லாத்தையும் இறக்கிப்போட்டு, ஓரமா நிப்பாட்டி, எல்லாரையும் வெளிய இறக்குங்கோ. அதைத் திருத்தும் வரைக்கும் அந்தக் காரில பிள்ளையளை ஏத்தாதேங்கோ.

இனி ஏன் அந்த ஸ்பிரிங் போல்ட் அங்க இருக்கு எண்டு பாப்பம். இது விளங்கினா மிச்ச வேலை எல்லாம் தானா விளங்கும். என்ஜின் ரப்பர் மவுன்ட்டில இருக்கிறதால அக்சிலரேட்டர் குடுக்கக் குடுக்க அங்கயும் இங்கயும் ஆடும். சைலன்சரும் பின்பக்கம் ரப்பர் வளையத்தில தொங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஆடும். இதுக்கு மேல, இரும்பு சூட்டில நீளும். ஒரு மீற்றர் நீள இரும்புப் பைப் 400 பாகை சூடு ஏறினா ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் நீளும், ஸ்டெயின்லெஸ் எண்டா 7 மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். ஒவ்வொரு தரம் ஓடி ஆறேக்கயும் இந்த அளவு நீண்டு சுருங்குது. இதையெல்லாம் எங்கயோ ஒரு இடம் தாங்க வேணும்தானே, அதுக்குத்தான் உருண்டை மாதிரி ஒரு காஸ்கெட்டும் (மூட்டில புகை கசியாம அடைக்கிற வளையம்), அதை அமத்திப் பிடிக்க ரெண்டு ஸ்பிரிங்கும் வைச்சிருக்கிறாங்கள், சில காரில அதுக்குப் பதிலா வலை பின்னின ஃபிளெக்ஸ் பைப். அந்த இடத்தை அசையாம இறுக்கிப் பூட்டினா, அசைவு அடுத்த பலவீனமான இடத்துக்குப் போய் அங்க வெடிக்கும். என்ட காரில நடந்ததும் அதுதான்.

வேலை தொடங்க முதல் கார் முழுசா ஆற வேணும். ராத்திரி நிப்பாட்டி விடிய வேலை செய்யிறது நல்லம், போயா நாள் காலமை எனக்குத் தோது, லேனில வாகனமும் குறைவு. சூடா இருக்கேக்க கை சுடுறது ஒரு பக்கம், விரிஞ்ச இரும்பில இறுக்கிற அளவு ஆறினாப் பிறகு அதே அளவா இருக்காது, அதாலதான் கார்க் கம்பனியின்ட திருத்த வேலை மெனுவலில இருக்கிற இறுக்கிற எண் எல்லாம் ஆறின என்ஜினுக்கு.

அக்வா, பிரியஸ், வெசல் மாதிரி ஹைபிரிட் வைச்சிருக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் கேளுங்கோ. சத்தம் இல்ல, கார் ஓஃப் எண்டு நினைச்சுக் கீழ போகாதேங்கோ, ரெடி லைட் எரிஞ்சுகொண்டிருந்தா பெற்றி சார்ஜ் குறையிற நேரம் என்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும். முழுசா ஓஃப் பண்ணி, சாவியைக் காருக்குத் தூரமா வீட்டுக்குள்ள வையுங்கோ. மூண்டாம் தலைமுறை பிரியஸ் எண்டா இன்னொண்டும் இருக்கு, எக்ஸோஸ்ட் சூட்டை எடுத்துக் கூலன்டைச் சூடாக்கிற ஒரு பகுதி பைப்பில வரும், அதுக்குக் கூலன்ட் ஹோஸ் போகும், அதைச் சாதாரண பைப் எண்டு நினைச்சு இழுத்துப்போடாதேங்கோ.

ஜக்கு காரைத் தூக்கிறதுக்கு மட்டும்தான், தாங்கிறதுக்கு இல்ல. ஜக் ஸ்டான்ட் ரெண்டு இல்லாம ஒரு நிமிஷத்துக்கும் கீழ போகக் கூடாது, கொங்கிரீட் கல்லும் வேண்டாம், அது எந்த அறிகுறியும் காட்டாம ஒரேயடியா உடையும். எங்கட லேன்கள் நிறைய இடத்தில சரிவு, அதால சம தரை பாத்து, தரையில இருக்கிற சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை வைச்சு, ஸ்டான்ட்டில இறக்கினாப் பிறகு காரைக் கையால நல்லா ஆட்டிப் பாத்திட்டுப் போங்கோ. கண்ணாடி ஒண்டு போடுங்கோ, கறள் தூள் கண்ணுக்குள்ள விழுந்தா அந்த நாள் அதோட முடிஞ்சுது.

போல்ட் கழட்டிறதிலதான் பாதிச் சண்டை. முதல் நாள் பின்னேரமே கம்பி பிரஷ்ஷால வெளிய தெரியிற புரியை நல்லாத் தேச்சு, கறள் இளக்கிற ஒயில் அடிச்சு, ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்ப அடிச்சு விடுங்கோ. அடுத்த நாள் ஆறு பக்கச் சொக்கெட் போட்டுக் கழட்டுங்கோ, பன்னிரண்டு பக்கச் சொக்கெட் கறள் பிடிச்ச நட்டின்ட மூலையை உருட்டிப்போடும். ஜப்பான் கார் எண்டா 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 12 ஸ்பானரும், 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 14 ஸ்பானரும் அனேகமாச் சரியா வரும். முதல்ல இறுக்கிற பக்கம் ஒரு சொட்டு அசைச்சு, பிறகு கழட்டுற பக்கம் கால் சுத்து, திரும்ப உள்ள, திரும்ப வெளிய, இப்பிடி விளையாடி விளையாடி எடுக்க வேணும். ஒரே மூச்சில இழுத்தா புரி ஒண்டோட ஒண்டு கடிச்சு ஸ்டட் (தலையில்லாம நட் ஏறுற போல்ட்) முறிஞ்சு போகும். நட் அசையிற நேரம் கீச் எண்டு சத்தம் வந்து திடீரெண்டு இலகுவானா, அது கழருறதுதான் எண்டு நினைக்காதேங்கோ, முறுகி முறியப் போற அறிகுறியாவும் இருக்கலாம். அங்கயே நிப்பாட்டி இன்னும் ஒயில் அடியுங்கோ. நெருப்புக் காட்டிறது நல்லா வேலை செய்யும், ஆனா பெற்றோல் லைனும் பிரேக் லைனும் பக்கத்திலயே ஓடுது, அந்த ஒயிலும் பத்தும், அதால அதை வீட்டில செய்யாதேங்கோ, கராஜுக்கு விடுங்கோ.

சாமான் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேணும். அங்க ரீகண்டிஷன் சைலன்சர் நல்லதா வாங்கலாம், ஆனா காஸ்கெட்டை மட்டும் பழசு வாங்காதேங்கோ, கழட்டினதைத் திரும்பப் போடவும் வேண்டாம். ஒருக்கா அமந்த காஸ்கெட் திரும்ப அதே முகத்தில இருக்காது, பிறகு லீக் நிக்கேல்ல எண்டு நாங்கள் போல்ட்டை இன்னும் இன்னும் இறுக்குவம், ஃபிளான்ஜ் (பைப் நுனியில போல்ட் போடுற தட்டு) வளைஞ்சு போகும். பழைய போல்ட்டையும் காஸ்கெட்டையும் கையில கொண்டுபோய்க் காட்டி அதே நீளம், அதே புரி, அதே தோள்பட்டை (போல்ட்டில தடிப்பு மாறுற படி) இருக்கிறதை எடுங்கோ. நட் விஷயத்தில கடைக்காரர் குடுக்கிறதை அப்பிடியே வாங்கிக்கொண்டு வரக் கூடாது. உள்ள நைலோன் வளையம் இருக்கிற நட் எக்ஸோஸ்டுக்கு உதவாது, அது உருகிடும். புரிக்கு ஒட்டுற லொக்டைட் மாதிரிச் சாதாரண பசையும் இந்தச் சூட்டில செயலிழந்து போகும். முழு இரும்பில செஞ்ச லொக் நட், இல்லாட்டி செம்புப் பூச்சுப் போட்ட எக்ஸோஸ்ட் நட் எண்டு கேட்டு வாங்குங்கோ, செம்புப் பூச்சு இருந்தா அடுத்த தரம் கழட்டேக்க ஸ்டட்டோட பிடிச்சுக்கொள்ளாது.

இனி இறுக்கிற வேலை. எந்த போல்ட்டையும் எடுத்த எடுப்பில முழுசா இறுக்காதேங்கோ. முதல்ல முன் பைப்பில இருந்து பின் சைலன்சர் வரைக்கும் எல்லாத்தையும் மாட்டி, எல்லா நட்டையும் கையால புரி பிடிச்சுப் போகுமட்டும் மட்டும் சுத்தி விடுங்கோ. கையால நாலு சுத்து இலகுவாப் போகேல்ல எண்டா புரி குறுக்கால ஏறியிருக்கு, கழட்டித் திரும்பத் தொடங்குங்கோ. பிறகு கீழ படுத்திருந்து முழு லைனையும் ஒருக்காப் பாருங்கோ, ரப்பர் வளையம் எல்லாம் நேரா தொங்குதா, ஒண்டு ஒரு பக்கம் இழுபடுதா, பைப் பிரேக் ஹோஸுக்கோ பெற்றோல் டாங்கிக்கோ கிட்ட நிக்குதா. ரெண்டு விரல் போற இடைவெளியாவது இருக்க வேணும், சூட்டில நீளும் எண்டு மேல சொன்னன்தானே. இழுபட்ட நிலையில இறுக்கினா அந்த இழுவை போல்ட்டிலதான் நிக்கும், வேகத்தடை ஏறி இறங்க இறங்க அது இளகும். எல்லாம் நேரா வந்தாப் பிறகுதான் என்ஜின் பக்கத்தில தொடங்கி ஒவ்வொரு மூட்டா பின்னால இறுக்கிக்கொண்டு வரலாம்.

தட்டையான ஃபிளான்ஜும் நடுவில காஸ்கெட்டும் இருக்கிற மூட்டில, ரெண்டு போல்ட் எண்டா ஒண்டு மாறி ஒண்டு கொஞ்சம் கொஞ்சமா, மூண்டு நாலு எண்டா குறுக்குக் குறுக்கா இறுக்குங்கோ. முதல் சுத்தில பாதி அளவு, ரெண்டாவதில முக்கால், மூண்டாவதில முழு அளவு. ஒரு பக்கத்தை முழுசா இறுக்கிப்போட்டு மற்றதுக்குப் போனா காஸ்கெட் ஒரு பக்கம் நசிஞ்சு மற்றப் பக்கம் வாய் திறந்து நிக்கும், பிறகு அந்தப் பக்கத்தை எவ்வளவு முறுக்கினாலும் சரிவராது. ரெண்டு ஃபிளான்ஜுக்கும் நடுவில இடைவெளி சுத்திவர ஒரே அளவா இருக்குதா எண்டு ஒவ்வொரு சுத்துக்கும் பாருங்கோ, நான் போன் டோர்ச் அடிச்சுப் பாப்பன். மனிஃபோல்ட்டை என்ஜின் தலையில பூட்டேக்க நடு நட்டில தொடங்கி ரெண்டு கரைக்கும் போறது வழமை.

ஸ்பிரிங் போல்ட் மூட்டுக்கு வேற கதை. உருண்டை காஸ்கெட்டை மனிஃபோல்ட் பக்கத்தில வைச்சு, மேல ஒரு பலகைத் துண்டு பிடிச்சு, பிளாஸ்டிக் சுத்தியலால மெல்ல மெல்லத் தட்டி மட்டமாகும் வரைக்கும் இறக்குங்கோ. பைப்பை வைச்சு அழுத்தி காஸ்கெட்டை உள்ள தள்ளக் கூடாது எண்டு டொயோட்டா மெனுவலே சொல்லுது. பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போடப்போறீங்கள் எண்டா அதின்ட நீளத்தை அளந்து பாருங்கோ, இதுக்குக் குறைஞ்சா மாத்து எண்டு மெனுவலில ஒரு எண் இருக்கும், சூட்டில கிடந்து கிடந்து ஸ்பிரிங் சோர்ந்து கட்டையாகிடும். போல்ட்டில ஒரு தோள்பட்டை இருக்குப் பாருங்கோ, அது போய் முட்டினாப் பிறகு சொன்ன அளவுக்கு இறுக்கினாக் காணும். காஸ்கெட்டை அமத்திறது ஸ்பிரிங்தான், உங்கட கைப்பலம் இல்ல. இறுக்கி முடிஞ்சாப் பிறகும் ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவில இடைவெளி தெரிய வேணும், எல்லாம் ஒட்டிப்போய் நிண்டா போல்ட் மாறிப் போச்சு.

எவ்வளவு இறுக்கிறது? உங்கட காரின்ட மெனுவலில இருக்கிறதுதான் சரியான எண், அதுக்கு மேல ஒருத்தர் சொல்லும் கேக்காதேங்கோ. ஒரு மட்டு விளங்கிறதுக்குச் சொல்லுறன், கனக்க டொயோட்டாவில முன் பைப் போல்ட்டுக்கு 43 நியூட்டன் மீற்றர் (முறுக்கிற பலத்தை அளக்கிற அலகு) எண்டு போட்டிருக்கும். இது நிறையப் பேர் நினைக்கிறதை விடக் குறைவு. 25 சென்டிமீற்றர் ஸ்பானரின்ட நுனியில 17 கிலோ அரை நிறை தொங்கினா வாற பலம், அவ்வளவுதான். நீட்டுக் கம்பி மாட்டி ரெண்டு கையாலயும் இழுக்கிறதெண்டா அது இதைப்போல ரெண்டு மூண்டு மடங்கு.

டோர்க் ரெஞ்ச் (வைச்ச எண்ணுக்கு இறுகினவுடன கிளிக் எண்டு காட்டுற ஸ்பானர்) இருந்தா அதைப் பாவியுங்கோ, மெல்ல ஒரே சீரா இழுத்து ஒரு கிளிக் கேட்ட உடன விட்டுடுங்கோ, இன்னொரு கிளிக் கேட்டுப் பாக்க வேண்டாம், ஒவ்வொரு கிளிக்குக்கும் கொஞ்சம் கூட இறுகும். அதால போல்ட் கழட்டவும் வேண்டாம், வேலை முடிய ஆகக் குறைஞ்ச எண்ணுக்குத் திருப்பி வைச்சிடுங்கோ. டோர்க் ரெஞ்ச் இல்ல எண்டா ஒரு வழி இருக்கு. எங்கட ஆக்கள் வீட்டில கட்டாயம் ஒரு சாமான் கிடக்கும், கட்டுநாயக்கா போகேக்க பெட்டி நிறுக்கிற அந்தக் கொளுக்கித் தராசு. அதைச் ஸ்பானர் நுனியில மாட்டி, ஸ்பானருக்குச் செங்குத்தா இழுங்கோ. நியூட்டன் மீற்றர் எண்ணை, போல்ட்டின்ட நடுவில இருந்து கொளுக்கி வரைக்குமான மீற்றர் நீளத்தாலயும், பிறகு 9.8 ஆலயும் பிரிச்சா எத்தினை கிலோ காட்ட வேணும் எண்டு வரும். 43 ஐ 0.25 ஆல பிரிச்சா 172, அதை 9.8 ஆல பிரிச்சா 17.5. கை மட்டுக்கு இறுக்கிறதை விட இது எத்தினையோ மடங்கு நம்பிக்கையானது.

புரிக்குக் கறள் தடுப்புப் பேஸ்ட் பூசிறது கடற்கரைப் பக்கம் ஓடுற காருக்கு நல்லம்தான், ஆனா ஒண்டை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. மெனுவல் எண் அனேகமாக் காய்ஞ்ச புரிக்குச் சொன்னது. பேஸ்ட் பூசினா வழுக்கும், அதே எண்ணுக்கு இறுக்கினாலும் போல்ட் உள்ளுக்குக் கூட இழுபடும், அதால நான் கால்வாசி குறைச்சு இறுக்கிறனான். செம்பு கலந்ததோ நிக்கல் கலந்ததோ வாங்குங்கோ, சாதாரண கிரீஸ் எரிஞ்சு போகும். ஒக்சிஜன் சென்சர் (எக்ஸோஸ்ட் புகையில மிஞ்சிற ஒக்சிஜனை அளக்கிறது) கழட்டிப் பூட்டிறதெண்டா பேஸ்ட் புரியில மட்டும் படலாம், நுனியில ஒரு பொட்டுப் பட்டாலும் சென்சர் பழுது. புதுச் சென்சருக்கு அனேகமாக் கம்பனியே புரியில பூசி வரும், அப்பிடி வந்தா அதுக்கு மேல பூச வேண்டாம்.

பின்பக்கம் யூ கிளாம்ப் (பைப்பைச் சுத்திப் பிடிக்கிற யூ வடிவப் போல்ட்) போட்ட மூட்டு எண்டா ரெண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கி, பைப் கையால திருப்ப அசையாத அளவோட நிப்பாட்டுங்கோ. அதுக்கு மேல போனா பைப் நசிஞ்சு பள்ளமாகும், அடுத்த தரம் கழட்டவே ஏலாது.

முடிஞ்ச உடன லீக் பாருங்கோ. ஸ்டார்ட் பண்ண முதலே, ஆறியிருக்கேக்க, சவுக்காரத் தண்ணி கலந்து ஸ்பிரே போத்தலில வைச்சுக்கொள்ளுங்கோ. ஒராள் ஸ்டார்ட் பண்ண வேணும், நீங்கள் மூட்டுகளுக்கு அடிக்க வேணும், சூடேற முதல் அந்த ஒரு நிமிஷத்துக்குள்ள குமிழி வருதா எண்டு பாக்க வேணும். இன்னொரு ஆளைக் கொண்டு தடிச்ச துணியால பின் பைப் வாயை ரெண்டு மூண்டு செக்கன் பொத்தச் சொன்னா உள்ள அமுக்கம் கூடி, லீக் இருக்கிற இடத்தில உஸ் எண்டு கேக்கும். இதெல்லாம் வெளியில, திறந்த இடத்தில செய்யுங்கோ, ஃபிளாட் பேஸ்மென்ட் பார்க்கிங்கில வேண்டவே வேண்டாம்.

ஒக்சிஜன் சென்சருக்கு முன்னால சின்ன லீக் இருந்தாலும் வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சென்சர் அதைப் பாத்திட்டுப் பெற்றோல் காணாது எண்டு சொல்லும், கம்பியூட்டர் கூடக் கூட பெற்றோல் ஊத்தும். லீற்றருக்கு ஓடுற தூரம் குறையும், வருஷாவருஷம் ரெவெனியூ லைசன்ஸுக்கு எமிஷன் டெஸ்ட் செய்யப் போகேக்கயும் ரீடிங் குழம்பும். டெஸ்டுக்கு முதல் கிழமை இந்த மூட்டுகளை ஒருக்காப் பாத்திட்டுப் போறது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

ரெண்டு மூண்டு நாள் ஓடி, திரும்ப முழுசா ஆறினாப் பிறகு தட்டை ஃபிளான்ஜ் போல்ட்டுகளுக்கு மட்டும் அதே எண்ணில ஒருக்கா வைச்சுப் பாருங்கோ, புதுக் காஸ்கெட் சூட்டில அமர்றதால கொஞ்சம் இளகியிருக்கலாம். ஸ்பிரிங் போல்ட்டைத் தொட வேண்டாம்.

மனிஃபோல்ட் ஸ்டட் முறிஞ்சா, பாதி என்ஜின் தலைக்குள்ள நிண்டா, அங்க நிப்பாட்டுங்கோ. அலுமினியத் தலை, ட்ரில் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் செலவு எங்கயோ போகும், அது மெஷின் ஷொப் வேலை. கராஜுக்குக் குடுக்கிறதெண்டா மெக்கானிக் பாஸிட்ட முதலே சொல்லுங்கோ, ஸ்பிரிங் போல்ட் இருந்த இடத்தில ஸ்பிரிங் போல்ட்தான் வேணும், காஸ்கெட் புதுசு போடுங்கோ, கழட்டின சாமானை எறியாம என்ட கையில தாங்கோ எண்டு. கார் எடுக்கப் போகேக்க போன் டோர்ச்சைக் கொண்டுபோய்க் கீழ குனிஞ்சு அந்த ரெண்டு ஸ்பிரிங்கும் இருக்குதா எண்டு பாத்திட்டுக் காசைக் குடுங்கோ.